உள்ளூர் பாஸ்போர்ட்டும் கணவன் கையெழுத்தும்

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ராக்கெட் விட்டுப் போட்டி போட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். பாங்க் உத்தியோகம் பார்ப்பவனுக்கோ கண் போவது சாமானியன் கையிலிருந்த காகிதத்தின் மேல்தான்.

1932 டிசம்பரில் சோவியத் அரசு உள்நாட்டு பாஸ்போர்ட் கொண்டு வந்தது. நகரத்தில் குடியிருக்க அது அவசியம். ஆனால் கூட்டுப்பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அதைக் கொடுக்கவில்லை. பெயரோ தொழிலாளர்-விவசாயி அரசு! ராணுவத்துக்குப் போன பையன்கள் பலர் அதையே சாக்காக வைத்து ஊர் திரும்பாமல் தப்பித்தார்கள். 1961ல் ககாரின் விண்வெளிக்குப் போய் வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. 1974ல்தான் விதி மாறியது, 1976லிருந்து விநியோகம்.

அமெரிக்காவில் ஊர் விட்டு ஊர் போக யாரையும் கேட்க வேண்டாம். கடன் கேட்டால்தான் சிக்கல். கைநிறையச் சம்பாதிக்கும் மனைவியாக இருந்தாலும் பல பாங்குகள் கணவன் கையெழுத்தைக் கேட்டன. குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாளாம், அதனால் அவள் சம்பளத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. (எங்கள் தொழிலின் லட்சணம்!) இதைத் தடுக்கும் சட்டம் வந்ததும் அதே 1974ல், அக்டோபரில்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கப் பெண்கள் 1972ல் விசாரணைக் கமிஷன் முன்பு போய்ப் புகார் சொல்ல முடிந்தது. ரஷ்ய விவசாயிக்கு அப்படி ஒரு வாசலே கிடையாது. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் மாஸ்கோவில் தங்க 'ப்ரோபிஸ்கா' என்ற குடியிருப்புப் பதிவு வேண்டியிருந்தது. விலாசச் சான்றுக்கு அலைந்த நம்மவர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.