சதுரங்கப்பட்டினம் கடற்போர் (1782)

சதுரங்கப்பட்டினம் கடற்போர் என்பது 1782 பிப்ரவரி 17 அன்று பிரித்தானிய, பிரெஞ்சுக் கடற்படைகளுக்கு இடையே மாமல்லபுரத்துக்குத் தெற்கே நடந்த போராகும். இன்றைய கல்பாக்கத்தை ஒட்டி, படாளத்துக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை இருந்தது. ஐரோப்பியர் இவ்வூரைச் சத்ராஸ் என்று அழைத்தனர்.

பின்னணி

1780இல் பொள்ளிலூரில் ஐதர் அலி ஆங்கிலேயப் படையொன்றை அழித்தார். மன்றோ தலைமையிலான மற்றொரு படை செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கியது. அதன்பின் சென்னை பெரிதும் கடல்வழியையே நம்பியிருந்தது. எனவே கடலில் யார் வெல்வார் என்பது இரு தரப்புக்கும் முக்கியமாயிற்று.

பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தோர்வ் 1782 பிப்ரவரி 9 அன்று இறந்ததால் சஃப்ரென் பொறுப்பேற்றார். 1743 முதல் கடற்படையில் பணியாற்றிய அவர், இரு முறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர்.

போர்

பிரித்தானியத் தளபதி எட்வர்ட் ஹியூசிடம் 9 போர்க்கப்பல்கள் இருந்தன. சஃப்ரெனிடம் அதைவிடக் கூடுதலாக இருந்தன. எதிரிக்கு இணையாக ஒரே வரிசையில் நின்று சுடுவதே அக்கால வழக்கம். சஃப்ரென் அதைக் கைவிட்டு, எதிரி வரிசையின் பின்பகுதியை இருபுறமும் சூழ்ந்து தாக்கத் திட்டமிட்டார். முன்பகுதிக் கப்பல்கள் காற்றை எதிர்த்துத் திரும்பி வருவதற்குள் பின்பகுதியை அழிப்பதே நோக்கம்.

ஆனால் அவருடைய கப்பல் தலைவர்களில் பலர் நெருங்காமல் தொலைவிலிருந்தே சுட்டனர். இரு கப்பல்கள் மட்டுமே மறுபுறம் சென்றன. 1781இல் கேப் வெர்டே தீவுகளில் நடந்த போரிலும் சிலர் அவருக்குத் துணைநிற்கத் தவறியிருந்தனர்.

பிரித்தானியக் கப்பலான எக்சிட்டர் கடுமையாகச் சேதமடைந்தது. அதன் தலைவர் ரெனால்ட்ஸ் கொல்லப்பட்டார். அக்கப்பலிலிருந்த ரிச்சர்ட் கிங், கப்பல் மூழ்கும்வரை போரிடுவதே வழி என்று முடிவெடுத்ததாகக் கூறப்படுகிறது. மாலையில் காற்றின் திசை மாறியதும் ஹியூசின் முன்வரிசைக் கப்பல்கள் உதவிக்குத் திரும்பின. இருள் சூழவே போர் நின்றது.

விளைவு

இரு தரப்பிலும் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஹியூஸ் பழுதுபார்க்கத் திருகோணமலை சென்றார். சஃப்ரென் பரங்கிப்பேட்டையில் படைகளை இறக்கி ஐதருடன் தொடர்பு ஏற்படுத்தினார். இருவரும் 1783 வரை மேலும் நான்கு முறை மோதினர். இடையில் சஃப்ரென் தம் கப்பல் தலைவர்கள் சிலரைப் பணியிலிருந்து நீக்கினார்.

மதிப்பீடு

சஃப்ரெனின் திட்டம் புதுமையானது. ஆனால் பொறுப்பேற்று எட்டே நாட்களில் அதைத் தம் தலைவர்களின் மனத்தில் பதியவைக்க அவருக்கு வாய்ப்பு இல்லை. பீரங்கிப் புகைக்கு நடுவே கொடியசைவால் மட்டும் அந்தக் குறையை ஈடுசெய்ய முடியவில்லை. பழகிய முறையில் வரிசை குலையாமல் நின்ற ஹியூசின் படையோ குறைந்த கப்பல்களுடனும் தப்பியது.