தனியே சுமப்பதும் சேர்ந்து சுமப்பதும்

லண்டனின் ஹாரிங்கே, ஹாக்னி ஆகிய இரு உள்ளாட்சிப் பகுதிகளும் அடுத்தடுத்து இருப்பவை. வறுமையும், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இரண்டிலும் உண்டு. குழந்தைகளைக் காக்கும் சமூகப் பணியாளர்கள் இரண்டிலும் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் கீழேயே இயங்குகிறார்கள். அவர்களின் பணிச்சுமையை யார் தாங்குவது என்பதில்தான் இரண்டும் வேறு வழிகளில் சென்றன.

ஹாரிங்கேயில் வசித்த எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியே, 2000 பிப்ரவரியில் உறவினரின் சித்திரவதையால் இறந்தாள். அவளுக்குப் பொறுப்பான பணியாளரிடம் 19 கேஸ்கள் இருந்ததை 2003இல் வெளிவந்த லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை காட்டியது. அலுவலகம் வகுத்திருந்த வரம்பு 12தான். அனுபவம் குறைந்த அவருக்கு மேலாளரின் வழிகாட்டலும் போதுமான அளவு கிடைக்கவில்லை.

2007இல் அதே பகுதியில் 17 மாதக் குழந்தை பீட்டர் இறந்தான். 2008இல் அந்த வழக்கின் விவரங்கள் வெளிவந்தபோது, பத்திரிகைகளின் சீற்றம் பணியாளர்கள் மீது பாய்ந்தது. துறை இயக்குநர் பதவியிழந்தார். அவரை நீக்கிய முறை தவறு என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் நாடெங்கும் இந்தத் துறையில் அச்சம் வேரூன்றிவிட்டது.

அதே ஆண்டுகளில் ஹாக்னி பணியமைப்பையே மாற்றியது. மூத்த பணியாளர் ஒருவர், சமூகப் பணியாளர், குழந்தைகளுடன் நேரடியாகப் பழகுபவர், மனநல நிபுணர், அலுவலக வேலைகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் எனச் சிறு குழுக்கள் அமைந்தன. ஒவ்வொரு குடும்பத்தையும் குழு முழுவதும் அறிந்திருந்தது; வாரந்தோறும் கூடிப் பேசி முடிவெடுத்தது. ஒருவர் விடுப்பில் போனாலும் குழந்தையை அறிந்தவர் அங்கே இருந்தார். நோய் விடுப்பு நாட்கள் பாதிக்கும் மேல் குறைந்ததாக 2010இல் வெளிவந்த மதிப்பீடு கூறியது.

ஹாக்னியின் வெற்றி நிரந்தரமானதல்ல. 2019இல் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட் அதன் தரமதிப்பைக் குறைத்தது. குழு அமைப்பு மட்டும் போதாது. அதை இடைவிடாது பேணவும் வேண்டும்.

குழந்தையின் காயத்தைத் தினமும் பார்ப்பது எந்த அமைப்பிலும் கடினம்தான். அந்தத் துயரத்தையும், தவறிப்போனால் வரும் பழியையும் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றும்போது அவர் வேலையை விட்டுப் போகிறார். அடிபட்ட குழந்தை புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே கேஸ் வரம்பைக் கண்டிப்பாகக் காப்பதும், முடிவைக் குழுவின் பொறுப்பாக்குவதும் பணியாளருக்குத் தரும் சலுகைகள் அல்ல. குழந்தைப் பாதுகாப்பின் முதல் நிபந்தனைகள்.