வாசலைக் காத்தது யார்? 2011 மேடிசன் தொழிலாளர் போராட்டமும் காவல்துறையின் கட்டளை அதிகாரமும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர், 2011 பிப்ரவரி 11 அன்று, பட்ஜெட் பற்றாக்குறையைச் சரிசெய்வதற்கென்று ஒரு மசோதாவை அறிவித்தார். (அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர்.) அரசு ஊழியர்கள் சம்பளத்தில் ஏறத்தாழ 5.8 விழுக்காட்டை ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டும், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 12.6 விழுக்காட்டை ஏற்க வேண்டும் என்பது அதன் பணக் கணக்கு. சங்கங்களைக் கொதிக்கவைத்தவை மற்றப் பிரிவுகள். கூட்டுப் பேரம் இனி அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டுமே நடக்கும். அந்த உயர்வும் விலைவாசி உயர்வைத் தாண்டக் கூடாது. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்தித் தன் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டும். 1959இல் உள்ளாட்சி ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையைச் சட்டமாக்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. காவலர்களில் பெரும்பாலோருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் மட்டும் மசோதா விலக்களித்தது. தேவைப்பட்டால் தேசியக் காவல் படை ஆயத்தமாக இருக்கிறது என்றும் ஆளுநர் சொல்லிவைத்தார். 1886 மே மாதம் மில்வாக்கியின் பே வியூவில், எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு ஊர்வலமாக வந்தவர்கள்மீது ஆளுநர் ஜெரமையா ரஸ்கின் ஆணைப்படி மாநிலப் படை சுட்டுப் பலரைக் கொன்ற வரலாறு அந்த மாநிலத்துக்கு உண்டு. தொழிற்சங்கத்தாரின் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 2011இல் துப்பாக்கி வெடிக்கவில்லை. தலைநகர் மேடிசனில் கேபிடல் என்னும் சட்டமன்றக் கட்டடத்துக்குள் ஆசிரியர்களும் மாணவர்களும் செவிலியர்களும் இரண்டு வாரத்துக்கு மேல் இரவு பகலாகத் தங்கினார்கள். பிப்ரவரி 19 அன்று ஏறத்தாழ 70,000 பேரும், அதற்கடுத்த சனிக்கிழமை அதைவிடப் பெருந்திரளும் கட்டடத்தைச் சூழ்ந்தபோதும் பெரிய அசம்பாவிதம் இல்லை. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், காவலர்களும் தொழிலாளர்கள், அவர்களுக்கும் சங்கம் உண்டு, ஆகவே அவர்கள் மக்கள் பக்கம் நின்றார்கள் என்பது. அதற்குச் சான்று இல்லாமல் இல்லை. விஸ்கான்சின் தொழில்முறைக் காவலர் சங்கம் மசோதாவை வெளிப்படையாக எதிர்த்தது. பணி முடிந்த காவலர்கள் கட்டடத்துக்குள் போராட்டக்காரர்களோடு உறங்க வரும்படி அதன் செயல் இயக்குநர் ஜிம் பால்மர் பிப்ரவரி 25 அன்று அழைத்தார். தொழிலாளருக்காகக் காவலர் என்று எழுதிய அட்டைகள் ஊர்வலங்களில் உயர்ந்தன. நெஞ்சைத் தொடும் காட்சிதான். எனினும் அனுதாபத்தைக் கொண்டு அந்த வாரங்களை விளக்கினால், அடுத்த இரண்டாண்டுகளில் அதே கட்டடத்தில் நடந்தது புரியாமல் போய்விடும். காவல்துறையின் நிதானத்துக்கு முதன்மைக் காரணம் கட்டளை அதிகாரம் பல கைகளில் சிதறிக் கிடந்ததே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கட்டடத்தின் காவல், மாநில நிர்வாகத் துறையின் கீழுள்ள கேபிடல் காவல் என்ற சிறு படையின் பொறுப்பு. ஆளுநர் நியமித்த துறைச் செயலருக்கு அது கட்டுப்பட்டது. நாள்தோறும் பல்லாயிரம் பேர் நுழையும் கட்டடத்தை அந்தப் படை தனியாகக் காக்க இயலாது. மேடிசன் நகரக் காவல், மேடிசன் அடங்கிய மாவட்டமான டேன் கவுண்டியின் காவல் தலைவராகிய ஷெரிஃபின் ஆட்கள், பல்கலைக்கழகக் காவல், மாநில ரோந்துக் காவல், பிற ஊர்களிலிருந்து இரவலாக வந்தவர்கள் எல்லாரும் தேவைப்பட்டார்கள். இவர்களில் நகரக் காவல் மேடிசன் நகர ஆட்சிக்குப் பொறுப்பானது. ஷெரிஃபோ கவுண்டி மக்களின் வாக்கால் பதவிக்கு வருபவர். ஆளுநர் தம் விருப்பப்படி அவரை மாற்றிவிட முடியாது. ஆக, கட்டடத்தை வெறுமையாக்கு என்ற ஆணை நிறைவேற வேண்டுமானால் ஆளுநருக்குக் கட்டுப்படாத பலரின் இசைவு வேண்டும். கேபிடல் காவல் தலைவர் சார்லஸ் டப்ஸ் பேச்சுவார்த்தையை விரும்பியவர் என்பது உண்மை. பிப்ரவரி 27 ஞாயிறு மாலை 4 மணிக்குள் வெளியேறக் கெடு விதிக்கப்பட்டு, சில நூறு பேர் மறுத்து உட்கார்ந்தபோது, அமைதியாக இருக்கும் வரை யாரையும் கைது செய்வதில்லை என்று அவர் முடிவெடுத்தார். அந்த முடிவில் அவருடைய பண்பு தெரிகிறது. கூடவே, இரவல் ஆட்களைக் கொண்டு அடிதடியில் இறங்க முடியாத ஓர் அதிகாரியின் கணக்கும் தெரிகிறது.

மறுநாள் நடந்தது இந்த வாதத்துக்கு வலுவான சான்று. கட்டடத்தின் கதவுகளை அடைத்து மக்களை வெளியே நிறுத்த மாநில நிர்வாகம் முனைந்தது. டேன் கவுண்டி ஷெரிஃப் டேவ் மஹோனி, தம் ஆட்கள் அரண்மனைக் காவலர்களாக நிற்க மாட்டார்கள் என்று சொல்லி, அவர்களை வாசல்களிலிருந்து விலக்கிக்கொண்டார். அந்த இடத்துக்கு மாநில ரோந்துக் காவல் வந்தது. அதன் தலைமைப் பதவிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஸ்டீபன் ஃபிட்ஸ்ஜெரால்டை ஆளுநர் நியமித்திருந்தார். செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டும், கீழவைத் தலைவர் ஜெஃப் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடைய புதல்வர்கள். மசோதாவை இரு அவைகளிலும் நடத்திச் செல்பவர்களின் தந்தை அவைகளின் வாசலுக்குப் படை அனுப்பும் பொறுப்பில் இருந்தார். இதில் சட்டமீறல் ஏதும் இல்லை. ஆனாலும் கட்டளை அதிகாரம் ஒரே முனையில் குவிவது எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது அரிது. கதவடைப்பை எதிர்த்து ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில், மார்ச் 3 அன்று டேன் கவுண்டி நீதிபதி ஜான் ஆல்பர்ட், கட்டடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும், இரவில் தங்குவோர் வெளியேற வேண்டும் என்று இரு தரப்புக்கும் உத்தரவிட்டார். தங்கியிருந்தவர்கள் அன்றிரவே எழுந்து போனார்கள். அவர்களை வெளியேற்றக் காவலர் ஒருவரும் கை ஓங்க வேண்டியிருக்கவில்லை.

மேடிசன் நகரக் காவலின் மரபையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1967 அக்டோபரில், நேபாம் என்ற தீக்குண்டுப் பொருளைத் தயாரித்த டௌ நிறுவனத்துக்கு எதிராகப் பல்கலைக்கழகத்தில் நடந்த போராட்டத்தில் காவலர்கள் தடியால் மாணவர் மண்டையை உடைத்தது அந்நகரத்தின் நினைவில் தங்கியது. 1972இல் காவல் தலைவராக வந்த டேவிட் கூப்பர், கவசமும் கண்ணீர்ப் புகையும் இல்லாமல் கூட்டத்தோடு பேசிக் கையாளும் முறையை இருபதாண்டுகள் வளர்த்தார். 2011இல் அதன் பலன் தெரிந்தது. பெருஞ்செல்வர் ஒருவரின் பெயரில் விளையாட்டாகத் தொலைபேசியவரிடம், கூட்டத்துக்குள் கலகக்காரர்களை நுழைப்பது பற்றித் தாங்கள் யோசித்ததாக ஆளுநர் சொன்ன ஒலிப்பதிவு வெளியானது. அப்போது நகரக் காவல் தலைவர் நோபிள் ரே அதைக் கவலைக்குரியது என்று பகிரங்கமாகவே கண்டித்தார். ஆளுநரிடம் சம்பளம் வாங்கும் அதிகாரி அப்படிப் பேசியிருப்பாரா என்பது ஐயம்தான்.

அனுதாபமே காரணம் என்பவர்கள் 2013ஐ நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஆளுநர் மசோதாவில் கையெழுத்திட்ட 2011 மார்ச் 11 முதல், வார நாள்களின் மதிய வேளையில் கேபிடலின் வட்டமண்டபத்தில் தொழிலாளர் பாடல்களைப் பாடும் குழு ஒன்று கூடிவந்தது. டப்ஸ் இருந்தவரை யாரும் தடுக்கவில்லை. 2012இல் அவர் விலக, டேவிட் எர்வின் தலைவரானார். முன்னனுமதிச் சீட்டு இல்லாதவர்களுக்கு அபராதச் சீட்டுகள் பறந்தன. 2013 ஜூலையில் தொடங்கிய கைதுகளில் முதியவர்களும் கைவிலங்கோடு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பாட்டு அதே பாட்டு, மண்டபம் அதே மண்டபம். கூட்டம் மட்டும் சிறியது. அதைக் கையாளக் கேபிடல் காவலுக்கு ஷெரிஃபிடமோ நகரத்திடமோ ஆள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பல கைகள் கூடினால்தான் ஆணை நடக்கும் என்ற நிலை மாறியதும் நிதானமும் போயிற்று. அந்த அனுமதி விதி அரசமைப்புக்கு முரணானது என்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அதற்குள் நூற்றுக்கணக்கான வழக்குகள் பதிவாகியிருந்தன.

இவ்வாதத்துக்கு எழும் மறுப்புகளில் வலுவானது காவலரின் நடுநிலை பற்றியது. எந்த வாசலைக் காப்பது, எதைக் காக்க மறுப்பது என்று ஆயுதம் ஏந்திய அதிகாரிகள் தாமே முடிவு செய்தால், நாளை வேறொரு கூட்டத்துக்கும் அதே சலுகை கிடைக்காதா? 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் ஒரு கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததை நினைவூட்டி இதைக் கேட்கலாம். இந்த அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. 2011 மார்ச் 9 இரவு, நிதிப் பிரிவுகளை நீக்கிவிட்டு, வாக்கெடுப்பைத் தடுப்பதற்காக அண்டை மாநிலமான இலினாய்ஸுக்குப் போய்விட்ட 14 ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இல்லாமலே செனட் மசோதாவை 18க்கு 1 என நிறைவேற்றியபோது, ஆயிரக்கணக்கானோர் பூட்டிய கட்டடத்துக்குள் பாய்ந்தார்கள். அது அமைதிச் சித்திரம் அன்று. ஆயினும் மறுநாள் காலை கீழவையின் முன்கூடத்தில் அமர்ந்திருந்தவர்களைக் காவலர்கள் தூக்கி அகற்றினார்கள். பிற்பகலில் மசோதா 53க்கு 42 என நிறைவேறியது. அவை கூடி வாக்களிப்பதைக் காவலர் காத்தார்கள். மக்கள் கூடிக் குரலெழுப்புவதை அவர்களில் சிலர் தடுக்க மறுத்தார்கள். இவை இரண்டும் வேறு வேறு. விஸ்கான்சின் அரசமைப்பே அவைகளின் கதவு திறந்திருக்க வேண்டும் என்றும், அமைதியாகக் கூடும் உரிமை குறைக்கப்படக் கூடாது என்றும் சொல்கிறது. ஷெரிஃப் மறுத்த பணி, நீதிமன்றம் மூன்று நாளில் தவறென்று கண்ட கதவடைப்புப் பணி.

இன்னொரு மறுப்பு நிறம் பற்றியது. 2011இன் கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர், நடுத்தர வர்க்கத்தினர், காவலரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்கள். 2020 மே 30 அன்று ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் கொன்றதற்கு எதிராகத் திரண்டவர்கள்மீது அதே நகரத்தில் கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. அன்று கடைகள் உடைக்கப்பட்டதைச் சொல்லி இந்த வேறுபாட்டை முழுவதும் கழித்துவிட முடியாது. கட்டளை சிதறியிருப்பது தேவையான காப்பு. ஆனால் காவலே போராட்டத்தின் இலக்காகும்போது அந்தக் காப்பு போதாது. என் வாதத்தின் எல்லை அது என்று ஒப்புக்கொள்கிறேன்.

எஞ்சுவது நலன் பற்றிய விளக்கம்: விலக்குப் பெற்ற காவலர் அரசுக்கு இணங்கியும், உரிமை இழந்தவர் போராட்டக்காரர் பக்கம் சாய்ந்தும் நடந்திருப்பார்கள் என்பது. நடந்தது இதற்கு நேர்மாறு. ஷெரிஃபின் ஆட்கள் மசோதாவில் விலக்குப் பெற்றவர்கள். வாசலைக் காக்க மறுத்தவர்களும் அவர்களே. தேர்தலில் வாக்கரை ஆதரித்த மில்வாக்கி காவலர் சங்கத்துக்கு விலக்கு கிடைத்தது. கேபிடல் காவலும் பல்கலைக்கழகக் காவலும் அதில் சேர்க்கப்படவில்லை. உரிமையைப் பறிகொடுத்த அந்தக் கேபிடல் காவலர்தான் 2013இல் பாடியவர்களுக்கு விலங்கிட்டார்கள். காவலர் வேலைநிறுத்தம் செய்துவிடுவார்களோ என்று அரசு அஞ்சியிருக்கலாம் என்ற காரணத்தை ஏற்று, 2013இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை நிலைநிறுத்தியது. 2024 டிசம்பர் 2 அன்று டேன் கவுண்டி நீதிபதி ஜேக்கப் ஃப்ராஸ்ட், கேபிடல் காவல் போன்ற படைகளை விட்டுவிட்ட பாகுபாட்டுக்கு நியாயமான அடிப்படை இல்லை என்று சொல்லிச் சட்டத்தின் பெரும்பகுதியை ரத்து செய்தார். மேல்முறையீடு முடியும்வரை அத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது.