மாட்டுத் தொழுவம்

மாட்டுத் தொழுவம் என்பது உழவர் வீடுகளில் மாடுகளைக் கட்டிப் பேணுவதற்காக அமைக்கப்படும் இடமாகும். இது மாட்டுக் கொட்டில், மாட்டுக் கொட்டகை எனவும், கொங்கு நாட்டில் கட்டுத்தறி எனவும் அழைக்கப்படுகின்றது. சிறு உழவர் குடும்பங்களில் தொழுவத்தைப் பேணுவது வைகறையில் தொடங்கி இரவில் முடியும் அன்றாட வேலையாகும். இதன் பெரும்பகுதியைப் பெண்களே செய்து வருகின்றனர். பாலின் தூய்மை, மாட்டின் உடல்நலம், வயலுக்குச் செல்லும் எருவின் தரம் ஆகிய மூன்றும் இவ்வேலையைச் சார்ந்துள்ளன.

அமைப்பு

தொழுவம் நீர் தேங்காத மேட்டு நிலத்தில் அமைக்கப்படும். வெப்பமான பகுதிகளில் அதன் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருப்பின் உள்ளே விழும் வெயில் குறையும். கூரை தென்னங்கீற்று, பனையோலை, ஓடு அல்லது தகரத்தால் வேயப்படும். கூரையின் கீழ்க் கறவைப் பசு ஒன்றுக்கு ஏறத்தாழ 3.5 சதுர மீட்டரும், எருமைக்கு 4 சதுர மீட்டரும், கன்றுக்கு 1 சதுர மீட்டரும் இடம் தேவை எனப் பரிந்துரைக்கப்படுகின்றது. சிறுநீர் தேங்காது வடிவதற்காகத் தரை வாய்க்காலை நோக்கிச் சற்றுச் சாய்வாக இருக்கும். தீவனத் தொட்டி, கழுநீர் வைக்கும் குழுதாடி, மாடு கட்டும் முளை ஆகியன தொழுவத்தின் பிற உறுப்புகளாகும்.

அன்றாட வேலைகள்

* சாணம் அள்ளுதல்: விடியற்காலையில் சாணமும் நனைந்த கூளமும் அகற்றப்பட்டுக் குப்பைக்குழியில் சேர்க்கப்படும்.
* பால் கறத்தல்: தரை உலர்ந்த பின்னர், மடியைக் கழுவித் துடைத்துக் கறக்க வேண்டும். கறந்தபின் காம்புத் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை மாடு படுக்காமல் நிற்பதற்காகத் தீவனம் இடுவது வழக்கம்.
* தீனியும் நீரும்: வைக்கோல், பசும்புல், தவிடு, புண்ணாக்கு முதலியன அளிக்கப்படும். கறவை மாடு கோடையில் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கும் மேல் நீர் அருந்தக்கூடும்.
* மாலை வேலை: காய்ந்த கூளம் பரப்பி, கொசுவை விரட்ட வேப்பிலை அல்லது நொச்சித் தழையால் புகை மூட்டப்படும்.

காலமுறைப் பராமரிப்பு

மண் தரையில் மாடுகளின் குளம்பு பட்டுப் பள்ளம் விழும். சிறுநீர் ஊறிய மேல்மண்ணை வெட்டி எருக்குழியில் இட்டு, புதுமண் கொட்டித் திமிசால் இறுக்குவர். கீற்றுக் கூரை மழைக்காலத்திற்கு முன்னர் மாற்றி வேயப்படும். சுவர் வெடிப்புகள் பூசப்பட்டுச் சுண்ணாம்பு அடிக்கப்படும். கயிறுகளையும் அவ்வப்போது பார்த்தல் வேண்டும். வளரும் கன்றின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்த மறந்தால் அது தோலை அறுத்துப் புண்ணாக்கிவிடும். மாட்டுப் பொங்கலையொட்டித் தொழுவத்தை முழுமையாகத் தூய்மை செய்யும் வழக்கம் உள்ளது.

கவனக்குறைவும் நோய்களும்

ஈரமும் சாணமும் நிறைந்த தரையில் படுக்கும் மாட்டின் காம்புத் துளை வழியாக நுண்ணுயிர்கள் நுழைந்து மடிவீக்க நோயை உண்டாக்குகின்றன. பால் திரிதல், மடி சூடாதல், வீங்குதல் ஆகியன இதன் அறிகுறிகளாகும். தொடக்கத்திலேயே மருத்துவம் செய்யாவிடில் அக்காம்பு நிலையாகப் பயனற்றுப் போகலாம். ஒன்றிரண்டு மாடுகளை மட்டுமே நம்பியுள்ள குடும்பத்திற்கு இது பேரிழப்பாகும்.

சுவர் வெடிப்புகளில் ஒளிந்து வாழும் உண்ணிகள் தைலீரியா, பபேசியா போன்ற இரத்த ஒட்டுண்ணி நோய்களைப் பரப்புகின்றன. ஆகவே மாட்டின் மீதுள்ள உண்ணிகளை மட்டும் நீக்குவது போதாது. தொழுவத்தையும் தூய்மை செய்தல் இன்றியமையாதது. இடைவிடாத ஈரம் குளம்புகளை மென்மையாக்கிப் புண்ணுக்கு வழிவகுக்கும்.

எருவுடன் தொடர்பு

மாட்டுக் கழிவிலுள்ள பொட்டாசியத்தின் பெரும்பகுதியும் நைட்ரசனின் கணிசமான பகுதியும் சிறுநீரிலேயே வெளியேறுகின்றன. சிறுநீரிலுள்ள யூரியா விரைவில் அம்மோனியாவாக மாறிக் காற்றில் கலந்துவிடும். தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி இதனாலேயே ஏற்படுகின்றது. எனவே அந்நெடி, துப்புரவுக் குறைவை மட்டுமன்றி வயலுக்குச் சேரவேண்டிய உரம் வீணாவதையும் உணர்த்தும். தரையில் பரப்பும் கூளம் சிறுநீரை உறிஞ்சி இவ்விழப்பைக் குறைக்கின்றது.

மாற்றங்கள்

உழவு இயந்திரங்களின் வரவால் தொழுவங்களில் உழவு மாடுகள் குறைந்து கறவை மாடுகள் மிகுந்துள்ளன. சிமெந்துத் தரை கழுவுவதற்கு எளிதாயினும் வழுக்கும் தன்மையுடையது. எனவே தரையில் வரிப்பள்ளங்கள் இடுவதோ இறப்பர் விரிப்பு இடுவதோ வழக்கமாகி வருகின்றது. சில வீடுகளில் சாணம் முதலில் சாண எரிவாயுக் கலனுக்குச் சென்று, அதன் கழிவு எருவாகப் பயன்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* தொழு உரம்
* மடிவீக்க நோய்
* சாண எரிவாயு
* மாட்டுப் பொங்கல்