தீட்டின மரம்

நன்றி கெட்டவனைப் பற்றிப் பேசும்போது, "தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான்" என்கிறோம். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கதைகளில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் மரத்தில் அரிவாளைத் தீட்டுவது எப்படி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கல்லில் அல்லவா தீட்டுவார்கள்? ஓர் அரிவாளைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு இந்தச் சந்தேகம் உதித்தது.

அந்த அரிவாள் என் பாட்டனாருடையது. திருப்பாச்சேத்தியில் அடித்தது என்று வீட்டில் சொல்வார்கள். ஒன்றரை முழ நீளம். பிடியிலிருந்து நேராக வந்து, நுனியில் கிளிமூக்குப்போல் உள்பக்கமாக வளையும். தேங்காய் வெட்டவும் வேலிக்கு முள் கழிக்கவும் பாட்டனார் அதைத்தான் எடுப்பார். அவர் காலத்துக்குப் பிறகு பரணில் கிடந்து துருப்பிடித்துவிட்டது.

சென்ற வருஷம் என் தமக்கை மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு சாணைக் கருவி கொண்டுவந்தான். கத்தியின் முதுகைப் பற்றிக்கொள்ள ஓர் இடுக்கி. அதிலிருந்து எழும்பும் தண்டில் வரிசையாகத் துளைகள். கல்லின் கம்பியை ஒரு துளையில் செருகி முன்னும் பின்னும் இழுத்தால் கல் சொன்ன கோணத்திலேயே ஓடும். கை நடுங்கினாலும் கோணம் நடுங்காது. காய் நறுக்கும் கத்தியைப் பத்து நிமிஷத்தில் தீட்டினேன். தக்காளி தானாகப் பிளந்துகொண்டது. மனிதனுக்கு ஆசை வர இது போதாதா? பரணிலிருந்து அரிவாளை இறக்கினேன்.

முதலில் இடுக்கியே தகராறு செய்தது. அரிவாளின் முதுகு கனம், வாய் போதவில்லை. எப்படியோ கட்டிப் பொருத்தி, இரண்டு பக்கமும் இருபது டிகிரி வைத்தேன். நேரான பகுதி சரியாகவே வந்தது. வளைவுக்கு வந்தபோதுதான் வினை. கம்பியின் துளை ஓரிடத்தில் நிற்கிறது. ஓரமோ வளைந்து வளைந்து போகிறது. துளைக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரம் மாறும்போது கோணமும் மாறிவிடுகிறது. தூரம் இரண்டு பங்கானால் கோணம் ஏறக்குறையப் பாதியாகிறது. இது போதாதென்று கல் தட்டை. கிண்ணத்தின் உள்பக்கத்தில் தட்டைப் பலகையை வைத்தால் இரண்டு முனைகள்தானே படும்? நான் விடாப்பிடியாக இழுத்ததில் வளைவின் இருபுறமும் இரண்டு பள்ளம் விழுந்தது. நடுவில் கல் படவே இல்லை.

கோபத்தோடு பெட்டியை மூடும்போது கல்லின் பெயர் கண்ணில் பட்டது: கார்பொரண்டம். இந்தப் பெயருக்கு ஒரு சரித்திரம் உண்டு.

நம் நாட்டுச் சாணைக்காரர்கள் நெடுங்காலமாகக் குருந்தக்கல்லைப் பொடி செய்து, அரக்கை உருக்கி அதில் கலந்து, வட்டமாக வார்த்துச் சாணை செய்துவந்தார்கள். ஓர் ஆள் வாரை மாறி மாறி இழுக்க அது சுழலும்; இன்னோர் ஆள் ஆயுதத்தைப் பிடிப்பான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி போன்ற இடங்களில் இந்தக் கல் கிடைக்கிறது. மாணிக்கமும் நீலமும்கூட இதே இனந்தான். நிறமும் தெளிவும் கூடி விளைந்தால் ராஜாவின் கிரீடத்துக்குப் போகும். மங்கலாகப் பிறந்தால் சாணைக்கு வரும். வடமொழியில் மாணிக்கத்துக்குக் 'குருவிந்தம்' என்று பெயர் இருப்பது இந்த உறவைக் காட்டுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கல் லண்டனுக்குப் போயிற்று. சார்லஸ் கிரெவில் என்ற கனிமப் பிரியர் 1798இல் ராயல் சொசைட்டியின் இதழில் இதைப்பற்றி விரிவாக எழுதினார். நம்முடைய குருந்தம் ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆயிற்று. ஆங்கில அகராதிகளே தமிழ்ச் சொல்லை மூலமாகக் காட்டுகின்றன. 1812இல் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களைக் கடினத்தின்படி வரிசைப்படுத்தியபோது வைரத்துக்குப் பத்தாம் இடம். கொரண்டத்துக்கு ஒன்பதாம் இடம்.

பிறகு 1891. அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் களிமண்ணையும் கல்கரித் தூளையும் கலந்து மின்சாரத்தால் காய்ச்சினார். பளபளவென்று சிறு படிகங்கள் கிடைத்தன. அவை கண்ணாடியைக் கீறின. கரியும் கொரண்டமும் சேர்ந்து உண்டான பொருள் என்று எண்ணி அதற்குக் 'கார்பொரண்டம்' என்று பெயரிட்டார். 1893இல் காப்புரிமையும் பெற்றார். அவர் எண்ணியது தவறு. அது சிலிக்கனும் கரியும் சேர்ந்தது. கொரண்டம் அதில் துளியும் இல்லை. பொருளில் இல்லாத நம் கல் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1954இல் சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் கம்பெனி ஏற்பட்டபோது சொல் ஊர் திரும்பிவிட்டது. தெருவில் சைக்கிளை நிறுத்தி மிதித்துச் சாணை பிடிப்பவர்களிடம் அரக்குச் சாணை போய் ஆலைக் கல் வந்தது.

அப்படி ஒரு சைக்கிள்காரர் இரண்டு வாரம் கழித்து எங்கள் தெருவுக்கு வந்தார். வயதானவர். அரிவாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்கய்யா இதைக் கடிச்சு வச்சது?"

"நான்தான்" என்றேன்.

வளைவின் நடுவில், கல் படாத இடத்தில், கட்டைவிரலை வைத்துத் தடவினார். "இதை வச்சிருந்த பெரியவர் இடதுகைக்காரரோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டனார் சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால்தான். ஆனால் தோப்பில், யாரும் பார்க்காதபோது, அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொள்வார். இது பாட்டிக்குத் தெரியும். எனக்கு மறந்தே போயிருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தேய்மானம் வழக்கத்துக்கு மாறான பக்கமா இருக்குதுங்களே."

நேரான பகுதியில் அந்தத் தேய்மானம் இல்லை. இரண்டு பக்கமும் இருபது டிகிரி என்று சமன் செய்து நானே அதை அழித்துவிட்டேன். கருவி தோற்றுப்போன அந்த இரண்டு அங்குலத்தில்தான் பாட்டனாரின் கை மிச்சம் இருந்தது. கருவியைக் குறை சொல்லி என்ன பயன்? கோணம் என்று ஒன்று உண்டு என்பதையே எனக்கு அதுதான் கற்றுக்கொடுத்தது.

பெரியவர் பள்ளங்களைச் சக்கரத்தின் விளிம்பில் கொடுத்துச் சரிசெய்தார். வளைவின் நடுப்பகுதியைச் சக்கரத்தில் வைக்க மறுத்துவிட்டார். "சாணை இரும்பைத் தின்னுடுங்க. ஒரு கட்டை கொடுங்க, பொடி மணலும் வேணும்" என்றார். கொல்லையில் கிடந்த முள்முருங்கைக் கட்டையைக் கொடுத்தேன். அதில் மணலைத் தூவி, வளைவை அதன்மேல் வைத்து மெதுவாக இழுத்தார். மெத்தென்ற மரத்தில் மணல் பதிந்து நின்றது. இழுக்க இழுக்க மரம் தேய்ந்து, அரிவாளின் வளைவுக்குத் தக்கபடி தானும் வளைந்துகொடுத்தது. எந்தத் தட்டைக் கல்லாலும் முடியாத காரியம் அது.

கால் மணி நேரத்தில் அரிவாளைத் துடைத்து என்னிடம் நீட்டினார். பழக்க தோஷம், கூர் பார்க்கக் கை அந்தக் கட்டையை நோக்கிப் போயிற்று. சட்டென்று நிறுத்திக்கொண்டு, வேலியோரம் போய் ஒரு முள்ளுக் கிளையை வெட்டினேன்.