பெட்டி கொழுவின வண்டிகள்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் எண்டால் இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும்: ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர். கலியாண வீட்டுக்குப் பூமாலையோடு வந்து நிண்டால் நாங்கள் படம் எடுக்கிறோம், பகிர்கிறோம். "அந்தக் காலத்து இரும்பு" எண்டு அப்பப்பாமார் பெருமையாச் சொல்லுவினம். அந்தப் பெருமையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் குடாநாட்டின் வாகன வரலாற்றை எழுதுவதானால், வண்டியின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் கூடக் கவனிக்க வேண்டும். அதில் பெட்டி கொழுவலாமா? கொழுவினால் எவ்வளவு இழுக்கும்?

இங்கிலாந்தில் சிறிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் சிலருக்கும் இதே கேள்விதான். இரண்டு பேர் இருக்கவே மட்டுமட்டான கார். கூடாரமும் சாமானும் ஏற்ற ஒரு சின்னப் பெட்டி பூட்டலாமா? பூட்டலாம், ஆனால் லேசில்லை. 1961இல் வந்த எம்ஜி மிட்ஜெட்டுக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒரே தகரக்கூடு. பம்பரில் கொழுவியைப் பூட்டினால் தகரம் கிழிந்து வரும். அதனால் இழுவிசை வில்லுத் தகடுகள் பொருந்தியிருக்கும் உறுதியான இடங்களுக்குப் போய்ச் சேருகிற மாதிரி இரும்புச் சட்டம் ஒன்று செய்து பூட்ட வேண்டும். பாரத்தைப் பெட்டியின் பின்பக்கம் ஏற்றினால் கொழுவி மேலே எழும்பும், பெட்டி பாம்பு மாதிரி ஆடும். காரின் பிரேக் இரண்டின் பாரத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டும். எஞ்சினோ வெறும் 948 சிசி.

அந்த 948 சிசி எஞ்சின் எங்களுக்கு அந்நியமில்லை. அதே எஞ்சின்தான் 1956 முதல் மொறிஸ் மைனரிலும் இருந்தது. இன்னொரு உறவும் உண்டு. 1953இல் வந்த ட்ரயம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும், கொவென்றியில் செய்யப்பட்ட பெர்குசன் உழவு இயந்திரத்தின் எஞ்சினும் ஒரே குடும்பம். ஒன்று பணக்கார இளைஞருக்கு வேகம் கொடுத்தது, மற்றது வயலில் கலப்பை இழுத்தது. ஹரி பெர்குசனின் பெயர் நிலைத்ததே ஒரு கொழுவியால்தான்: கலப்பையை மூன்று புள்ளிகளில் உழவு இயந்திரத்தோடு இணைக்கும் முறை. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த முறைதான்.

எங்கள் ஊர்க் கார்களுக்கு வருவோம். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரைக்கும் இருந்ததைத் திருத்தித்தான் ஓட வேண்டியிருந்தது. பிறகு 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் அரிதாகிப் போனது. ஏ40ம் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும், எண்டாலும் ஓடும். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அது சாத்தியமானது. பெர்குசனின் ஒரு வகையும் இப்படித்தான் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாறி ஓடியது. அங்கே அது கம்பனி கொடுத்த வசதி. இங்கே வேறு வழியில்லாததால் மெக்கானிக்மார் கண்டுபிடித்தது. இதை வெறும் "தமிழன் மூளை" எண்டு கொண்டாடினால், அந்த நெருக்கடியை யார் உண்டாக்கினது என்ற கேள்வி மறைந்துபோகும்.

ஆனால் உண்மையான பாரத்தை இழுத்தது இந்தக் கார்கள் இல்லை. அது லான்ட்மாஸ்ரர். இரண்டு சில்லு உழவு இயந்திரம் எது வந்தாலும் எங்கட ஆக்களுக்கு அது லான்ட்மாஸ்ரர்தான். 1950களில் அதை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன. செய்தது இங்கிலாந்துக் கம்பனி. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவரும் அவர்தான். பிற்காலத்தில் இயந்திர உழவு வெப்பமண்டல மண்ணுக்கு நல்லதா என்று அவரே கேள்வி எழுப்பினார்.

லான்ட்மாஸ்ரரில் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கு. ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொழுவி ஒரு மேலதிகம். இல்லாவிட்டாலும் கார் கார்தான். லான்ட்மாஸ்ரரைக் கொழுவி இல்லாமல் றோட்டில் ஓடவே ஏலாது. பெட்டியைக் கொழுவி ஆணியைப் போட்டால்தான் ஓட்டுபவருக்கு இருக்க இடம் வரும், நாலு சில்லும் சேரும். பாரம் இழுக்கவே பிறந்த வண்டி அது.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி எழும்பியது. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் ஒரு வழி, கோப்பாய்–கைதடி வீதி மற்ற வழி. மழை. இலட்சக்கணக்கான சனம். சில கிலோமீற்றரைக் கடக்க விடியும்வரை எடுத்தது. பெரும்பாலானோர் நடந்தும் சைக்கிளை உருட்டியும் போனார்கள். லான்ட்மாஸ்ரர் பெட்டியும் உழவு இயந்திரப் பெட்டியும் கிடைத்த குடும்பங்கள் முதியவர்களையும் பிள்ளைகளையும் நெல்மூட்டைகளையும் ஏற்றின. 2008–2009இல் வன்னியிலும் அதே பெட்டிகள்தான். கூரைத் தகரத்தையும் கழற்றி ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள்.

கார்களைத் துடைத்து மினுக்கிப் பாதுகாக்கிறோம், நல்லது. கறள் பிடித்த பெட்டிகள் இரும்புக் கடைக்குப் போகின்றன. 1995க்குப் பிறகு பிறந்த எங்களுக்கு அந்த இரவு கேள்விஞானம் மட்டும்தான். ஆனால் அதைக் கடந்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். "எப்படித் தப்பினீங்கள்?" எண்டு கேட்டால் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடுவினம். "பெட்டியில் என்ன ஏற்றினீங்கள்? இடம் காணாமல் எதை இறக்கினீங்கள்?" எண்டு கேட்டுப் பாருங்கள். தையல் மெசினா, புத்தகமா, ஆட்டுக்குட்டியா? அதை எழுதி வையுங்கள். எந்த ஆவணக் காப்பகத்திலும் அந்தப் பட்டியல் இல்லை.