காப்பும் கிரீமும்

சின்னக்கடை வீதிக் கடையில் 2,000 ரூபாய் சுருக்கக் கிரீமைக் காட்டி, "பென்ஷன் வந்துடுச்சு, வாங்கலாமாடா?"ன்னு அத்தை கேட்டாங்க. எனக்கு ஸ்ரீரங்கம் ஞாபகம் வந்தது. பெரிய பெருமாள் சுதைத் திருமேனி என்பதால் நீராட்டு கிடையாது, தைலக்காப்புதான். பேரே காப்பு. இருப்பதைக் காக்கும், போனதை மீட்காது. சாதாரண மாய்ச்சரைசரும் அப்படித்தான்.

மீட்டது உண்டா? 1988-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில் 30 பேர் ஒரு முன்கையில் ட்ரெட்டினாயின், மறுகையில் மருந்தில்லாத கிரீம் என 16 வாரம் பூசினார்கள். வெயிலால் முதிர்ந்த தோல் மருந்து பூசிய கையில்தான் தேறியது. கூடவே எரிச்சலும் வந்தது.

டப்பாவைத் திருப்பினேன்: கிளிசரின், வாசனை. மருந்து எதுவும் இல்லை.

"வேணாம் அத்தை. வெயிலுக்குக் குடையும் சன்ஸ்கிரீனும் போதும். மருந்து வேணும்னா தோல் டாக்டர்கிட்ட கேட்போம்."